குளத்துத் துணி

கைவேலையைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போக்குவதற்கு எனக்குப் பொழுது எங்கே இருந்தது? விடியலில் குழாயடியில் நின்று, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, காரைக்காலில் ஒரு கிளினிக்கில் நாள் முழுக்க ஆயா வேலை பார்த்து, திரும்பி வந்து மறுபடி அடுப்பைப் பற்ற வைக்கிறவள் நான். அதற்கு நடுவிலும் செய்தேன். ஒயர் கூடை பின்னினேன். பாசிமணி கோத்து வாசலுக்குத் திரை போட்டேன். ஐஸ் குச்சியில் விளக்கு மாடம், சாக்கு நூலில் உறி, சைக்கிள் டியூபில் பூ. கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டினேன், முடிந்தேன், தைத்தேன். பிறந்த வீட்டில் குப்பை பொறுக்கி என்றார்கள். வாழ வந்த வீட்டில் கொஞ்சம் மரியாதையாக, அவளுக்கு அது ஒரு வியாதி என்றார்கள்.

என் வியாதி வேறு. கோபம். சின்ன வயதிலிருந்தே ஒரு சொல் பொறுக்க மாட்டேன். கை ஒரு முடிச்சில் இருக்கும்போது மட்டும் வாய் அடங்கும், நெஞ்சுப் படபடப்பு இறங்கும். கைவேலை என்னை நல்லவளாக ஆக்கியது என்றெல்லாம் கதை விட மாட்டேன். யாரையும் அடித்துவிடாமல் வைத்திருந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

கடல் ஊருக்குள் வந்து போன மறு வருடம், கடலோரக் குப்பங்களிலிருந்து பெண்கள் எங்கள் கிளினிக்குக்கு வந்துகொண்டே இருந்தார்கள். தூக்கம் இல்லை, நெஞ்சு அடைக்கிறது, சோறு இறங்கவில்லை. டாக்டர் நல்ல மனுஷர்தான். ஸ்டெத் வைத்துப் பார்ப்பார், "உடம்புல ஒண்ணும் இல்லம்மா" என்பார், தூக்க மாத்திரை எழுதுவார். ஒன்றும் இல்லாமலா இத்தனை பேர் பஸ் ஏறி வருகிறார்கள் என்று நான் முணுமுணுப்பேன். அவர் காதில் விழும். பதில் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவரிடமும் வேறு பதில் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

வெளியூரிலிருந்து படித்த பிள்ளைகள் சிலர் வந்து கிளினிக் வராந்தாவிலேயே கவுன்சிலிங் நடத்தினார்கள். வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, மனசில் இருப்பதை வரையச் சொன்னார்கள். வந்தவர்களில் கருவாடு விற்கிற அக்கா ஒருத்தி உண்டு. வாய் என்றால் வாய். பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எங்களை எல்கேஜில சேத்துட்டீங்களா? யூனிபாரம் எப்ப தருவீங்க?" என்றாள். அந்தப் பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ராத்திரி பகலாக அலைந்தார்கள். ஆனால் பென்சில் பழகாத கைக்குப் பென்சில் கூச்சம். கை கூசிக்கொண்டிருக்கும்போது மனசு எப்படித் திறக்கும்? இதை வேறு மாதிரி செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. எந்த மாதிரி என்று தெரியவில்லை.

தெரிய வைத்தவள் ஒரு சின்னப் பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். கருவாட்டு அக்காவின் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடல் அவள் கையிலிருந்த பிள்ளையைக் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை, தூங்குவதே இல்லை என்று மாமியார்தான் டாக்டரிடம் சொல்லுவாள். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கிளினிக்கில் நைந்துபோன பெட்ஷீட்டைத் துடைப்புத் துணிக்காகக் கிழிப்பது என் வேலை. ஒருநாள் வராந்தாவில் உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருந்தேன். ஓரம் தடித்து, வரமாட்டேன் என்றது. ஒரு முனையைக் காலில் மிதித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் எழுந்து வந்தாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை. காலடியில் இருந்த முனையை எடுத்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்தாள். சர்ரென்று ஒரே கிழி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடுத்த முனையை எடுத்தாள். பெட்ஷீட் முழுவதையும் நாடா நாடாவாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க என்னைப் பார்த்து, "இன்னொண்ணு இருக்காக்கா?" என்றாள்.

இன்னொன்று இருந்தது. நல்ல பெட்ஷீட். கொடுத்துவிட்டேன். அதற்கு நர்ஸம்மாவிடம் நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

அப்படித்தான் வியாழக்கிழமை மதியம் என் வீட்டு முன்னறையில் கூட ஆரம்பித்தோம். வியாழன் மதியம் எனக்கு கிளினிக்கில் லீவு. முதலில் அந்தப் பெண்ணும் கருவாட்டு அக்காவும் மட்டும். பிறகு பத்துப் பன்னிரண்டு பேர். காலை மீன் வியாபாரம் முடிந்து, குளித்து, வேறு புடவை கட்டி வருவார்கள். வேலை இதுதான்: பழைய துணியை நீளமாகக் கிழிக்க வேண்டும். மூன்று நாடாவைச் சேர்த்துச் சடை போல் பின்ன வேண்டும். பின்னிய சடையை வட்டமாகச் சுருட்டிக்கொண்டே, கோணி ஊசியால் ஒட்டித் தைத்துக்கொண்டு போக வேண்டும். தைக்க, வலை முடிகிற நைலான் நூல். அதை அவர்களே கொண்டுவருவார்கள். வட்டம் பெரிசானால் மிதியடி. வாசலில் போட்டுக் கால் துடைக்கிற மிதியடி, வேறொன்றும் இல்லை.

எனக்குத் துணியில் பூப்போடும் கல்கத்தா தையல் தெரியும், பாசிமணியில் கிளி செய்யத் தெரியும். அதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. அழகாகச் செய்ய வேண்டும் என்று வந்துவிட்டால் பயம் வந்துவிடும். கால் துடைக்கிற துணிக்கு எவளும் பயப்பட மாட்டாள். கிழிப்பதுதான் முக்கியம் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. நம் பெண்களுக்குத் துணி கிழிந்தால் தைக்கத் தெரியும், வேண்டுமென்றே கிழித்துப் பழக்கம் இல்லை. முதலில் தயங்குவார்கள். ஒரு கிழி கிழித்ததும் முகம் மாறும். பல்லைக் கடித்துக்கொண்டு கிழிப்பார்கள், அழுதுகொண்டே கிழிப்பார்கள், யாரையாவது பேர் சொல்லித் திட்டிக்கொண்டு கிழிப்பார்கள். பின்னல் ஆரம்பித்ததும் தானாகச் சத்தம் குறையும். தையலுக்கு வரும்போது யாராவது ஒருத்தி சுவரில் சாய்ந்து கொட்டாவி விடுவாள். நான் காத்துக்கொண்டிருப்பது அந்தக் கொட்டாவிக்குத்தான்.

என் வீட்டுக்காரர் திருநள்ளாறு லைனில் மினி பஸ் கண்டக்டர். மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் சமையல்கட்டு வழியாக நுழைந்து அப்படியே போய்விடுவார். "வியாழக்கெழம ஆனா இது கல்யாண வீடா, எழவு வீடான்னு எனக்கே தெரியலடி" என்பார். சிரிப்பும் ஒப்பாரியும் ஒரே நேரத்தில் கேட்கும். அவர் சொன்னதில் தப்பில்லை.

சுய உதவிக் குழு அமைக்கிற ஓர் அம்மாள் கேள்விப்பட்டு வந்தார். நல்ல கண்ணாடி, நல்ல பேச்சு. "இதை ஒரு யூனிட்டா போட்டா, மார்க்கெட்டிங் நாங்க பாத்துக்குறோம். ஒரு ஆள் வாரத்துக்கு எத்தனை முடிப்பாங்க?" என்று கேட்டார்.

"முடிக்க மாட்டாங்க. சில பேர் சுத்துனதப் பிரிச்சு மறுபடி சுத்துவாங்க."

"அப்புறம் எதுக்கு இந்த வேலை?"

"தூங்குறதுக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். விற்க நினைக்கிறவள் விற்றுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இத்தனை என்று கணக்கு வைத்த அன்றைக்கே என் முன்னறை இன்னொரு வேலை இடமாகிவிடும். இவர்களுக்கு வேலைக்கா பஞ்சம்?

அந்தப் பெண் ஒரு வியாழன் தவறியதில்லை. மாதங்கள் போகப் போகப் பேச ஆரம்பித்தாள். பிள்ளையைப் பற்றி இல்லை, வேறு ஏதேதோ. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது, நெத்திலி நிறைய விழுந்தது. மருமகள் ராத்திரி கண் மூடுகிறாள் என்று மாமியார் டாக்டரிடம் சொன்னபோது, டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அவள் மிதியடி மட்டும் முடியவே இல்லை. என் வீட்டு வாசல்படியைவிட அகலமாகிவிட்டது. "ஏண்டி, கப்பலுக்குப் பாய் தைக்கிறியா?" என்று கருவாட்டு அக்கா கேலி செய்வாள். அவள் தலை நிமிராமல் தைப்பாள்.

பிரச்சினை துணியில் வந்தது.

ஏழை வீட்டில் பழைய துணி மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஏழை வீடு தெரியாது. பழைய புடவையைச் சேர்த்து வைத்துப் பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் வாங்குவார்கள். அடுத்த வருடத்து டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என்னிடம் கிழிக்கக் கொடு என்று எப்படிக் கேட்பேன்? என் வீட்டுத் துணி தீர்ந்தது. கிளினிக் துணியும் தீர்ந்தது. லாரி பட்டறைகளுக்குத் துடைக்கிற துணி விற்கிற ஒரு கடையில் மூட்டையாகக் கொடுத்தார்கள். வாங்கி வந்து அவிழ்த்தேன். நல்லெண்ணெய் வாசம்.

வேட்டி, துண்டு, சட்டை, சுடிதார், புடவை. பாதி புதுசு. எங்கள் பக்கத்து ஆளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வெளியாளுக்குச் சொல்கிறேன். திருநள்ளாற்றில் சனீஸ்வரனைப் பார்க்க வருகிறவர்கள் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து நளன் குளத்தில் முழுக்குப் போட்டு, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பிடித்த பீடை துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. துணியை அள்ள ஆள் உண்டு. அள்ளியது எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. எங்கோ போகிறது. அதில் கொஞ்சம் என் வீட்டுக் கூடத்தில் கிடந்தது.

வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிட்டார். "எடுத்துட்டுப் போயி கொடுத்துடு."

"ஏன்?"

"ஏன்னு கேக்குறியே. தெனமும் அந்த லைன்ல ஓடுறேன். அந்தக் குளத்தாங்கரையில கெடக்குற துணிய நாய் கூட இழுக்காது."

"நாய் எதுக்கு இழுக்கும், எலும்பா அது?"

 எனக்கும் சனீஸ்வரனுக்கும் சண்டை எதுவும் கிடையாது. நானும் போவேன், எள் தீபம் போடுவேன். ஆனால் பீடையை விட்டுவிட்டுப் போனவன் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தான் என்றால், அது போய்விட்டது என்றுதானே அர்த்தம்? போனது துணியில் எப்படி மிச்சம் இருக்கும்? சோடாத் தூள் போட்டுக் கொதிக்க வைத்துத் துவைத்தேன். மறுபடி துவைத்தேன். வெயிலில் காய்ந்த பிறகும் மோந்தால் லேசாக வாசம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். கிழித்துப் பின்னினோம், வாரக்கணக்கில். ஒருத்தியும் கேட்கவில்லை.

மழை நாள் ஒன்றில் அது வெளியே வந்தது. ஈரக் காற்றில் எண்ணெய் வாசம் கிளம்பும் என்று எனக்குத் தோன்றவில்லை. கருவாட்டு அக்கா நாடாவை மூக்கருகே கொண்டுபோனாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஈரத்தில் எந்தக் கருவாடு கெட்டது, எது நல்லது என்று மூக்காலேயே பிரிக்கிறவள் அவள்.

"யக்கா, இது எண்ணெ தேச்ச துணியால்ல இருக்கு."

யாரோ சிரித்தார்கள். "ஒன் கையி நாத்தத்துக்கு நல்லெண்ணெ வாசம் வேற வருதாக்கும்."

"சும்மா இருடி. யக்கா, எங்க வாங்குன துணி இது?"

கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "கடையிலதான். ஆனா குளத்துத் துணி" என்றேன்.

 மடியில் இருந்ததை எல்லாம் ஒரே நேரத்தில் உதறினார்கள். ஒருத்தி தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி என் குழாயில் கை கழுவி, முகம் கழுவி, கடைசியில் குடத்தைக் கவிழ்த்துத் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள். "எங்க வூட்டு ஆம்பளங்க கடல்ல நிக்கிறாங்கக்கா. வெளையாட்டா ஒங்களுக்கு?" என்று கேட்டாள் ஒருத்தி. அவள் கேட்டதற்கு என்னிடம் வாதம் இருந்தது. ஆனால் தண்ணீர் சொட்ட நிற்கிற ஒருத்தியிடம் வாதம் பண்ண வாய் வரவில்லை. கருவாட்டு அக்கா ஒன்றும் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்லிட்டு கொடுத்துருக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பெண் மட்டும் எழவில்லை. கையில் பாதி கிழிந்திருந்த வேட்டியைக் கோடி வரைக்கும் கிழித்து முடித்தாள். முடித்துவிட்டு எழுந்து, அவர்களோடு போய்விட்டாள்.

அடுத்த வியாழன் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வியாழன் மாமியார் வந்தாள். மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. வாங்க என்றேன், வாசலிலேயே நின்றாள். மெலிந்த உருவம், நல்ல உயரம், குரல் மட்டும் தெருக்கோடி வரை போகும்.

"நான் சண்டைக்கு வரல. ஒரு முடிவு தெரிஞ்சுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"சொல்லுங்கம்மா."

"இவ ஜாதகத்தாலதான் எம் பேரன் போனான்னு ஊருல பேசுனாங்க. நான் ஒருநாளும் பேசல. இவளையே கேட்டுக்குங்க. ஊரு வாயி மூடட்டும், இவளுக்கும் மனசு ஆறட்டும்னுதான் திருநள்ளாறு கூட்டிட்டுப் போயி முழுக்குப் போட்டு, கட்டியிருந்த பொடவைய விட்டுட்டு கூட்டியாந்தேன். புதுப் பொடவை அது. நான் எடுத்துக் கொடுத்தது. எங்க பீடைய அங்க விட்டுட்டு வந்தோம். நீங்க என்ன செஞ்சீங்க? ஊருல உள்ளவன் பீடையெல்லாம் அள்ளியாந்து இவ மடியில கொட்டிட்டீங்க."

இவ்வளவு நேரம் சண்டைக்குத் தயாராக நின்றவள் நான். அவள் அப்படிச் சொன்னதும் சண்டை போடத் தோன்றவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு ஆசை இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அம்புட்டுத் துணியும் அரசலாத்தங்கரையில போட்டுக் கொளுத்துங்க. இவ தைச்சுட்டு இருக்குறதையும் சேத்து. எங் கண்ணு முன்னாடி. ஒரு எண்ணெ முழுக்கு, ஒரு எள்ளு தீபம். அதோட விட்டுச்சுன்னு நானே வியாழக்கெழம வியாழக்கெழம பஸ் ஏத்தி அனுப்புறேன். மத்தவளுங்களையும் நான் சொன்னா வருவாளுங்க. இல்லேன்னா இவ இனிமே இந்தப் பக்கம் வர மாட்டா."

யோசிக்கவே வேண்டாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். கந்தல் துணிதானே? கொளுத்திவிட்டால் அந்தப் பெண் வருவாள், தூங்குவாள், எல்லோரும் வருவார்கள். கொளுத்தாவிட்டால் அவள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. மாமியாருக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொளுத்த மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"கொளுத்துனா, இவ மேல பீடை இருந்துச்சுன்னு நானும் ஒத்துக்கிட்டதா ஆயிடும். புள்ளை போனது இவளாலன்னு ஆயிடும். கடலு வந்துச்சு. எத்தனை பேரு புள்ளைய வாரிட்டுப் போச்சு. அத்தனை பேருக்கும் ஒரே ஜாதகமா? நான் கொளுத்த மாட்டேம்மா. வேற துணி வாங்கித் தரேன், குளத்துத் துணிய இவ தொட வேணாம். ஆனா அதுல பீடை இருக்குன்னு கொளுத்தச் சொன்னா, செத்தாலும் செய்ய மாட்டேன்."

"ஒங்க வூட்டுல புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிட்டு வருதுங்க. நீங்க பேசுவீங்க."

 

 அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த அவளுடைய மிதியடியை இரண்டு கையாலும் தூக்கினாள். கனம். இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல் வைத்துக்கொண்டாள் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். கோணி ஊசியை எடுத்துப் புடவை முந்தியில் குத்திக்கொண்டாள்.

"என்னாடி இது?" என்றாள் மாமியார்.

"நடங்க அத்தை. பஸ்ஸு போயிடும்."

"வூட்டுக்கா கொண்டார்ற இத?"

"அவங்க கொளுத்த மாட்டேன்னுட்டாங்கல்ல. நான் தைக்குறது. என்கிட்ட இருக்கட்டும்."

மாமியார் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மேல் கத்துவதற்கு அவளிடம் நிறைய இருந்திருக்கும். மருமகளிடம் மட்டும் எதுவும் சொல்ல முடியவில்லை. பிள்ளை போன நாளிலிருந்து அந்தப் பெண் வீட்டில் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லையாம். பிறகு மாமியாரே என்னிடம் சொன்னது.

அதற்குப் பிறகு எனக்கு நாட்கள் சரியாகப் போகவில்லை. கிளினிக்குக்கும் அவர்கள் வரவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்து, "போயிதான் பாத்துட்டு வாயேன். ஒன்னைய யாரு கட்டிப் போட்டுருக்கா?" என்றார். வியாழக்கிழமை மதியம் துணி கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எந்தத் துணி என்று கேட்க வேண்டாம். என்னிடம் இருந்தது அந்தத் துணிதான்.

குப்பத்தில் நுழையும்போதே வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "குளத்துத் துணிக்காரி வாறா, புள்ளைங்கள உள்ள கூப்புடுங்க." சிலர் சிரித்தார்கள். கருவாட்டு அக்கா காயப்போட்ட கருவாட்டுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தாள். கையால் திசை மட்டும் காட்டினாள்.

வீட்டுக்கு வெளியே வலைக் கொட்டகை ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். சரி என்று வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிற இடம். என் முன்னறையில் மறைவாக நடந்தது இங்கே ஊர் நடுவில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

மாமியார் வாசலில் நின்றாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ராத்திரி தூங்குறாளா?" என்று கேட்டேன்.

"தூங்குறா" என்றாள். அது பிடிக்காத மாதிரியும் இருந்தது, சொல்லாமல் இருக்க முடியாத மாதிரியும் இருந்தது. பிறகு உள்ளே போய், ஒரு புடவையை எடுத்துவந்து எனக்கு முன்னால் போட்டாள். கத்திரிப்பூ நிறம், கரை நைந்தது. "பாத்திரக்காரனுக்கு எடுத்து வச்சது. இதக் கிழிச்சுக்கச் சொல்லுங்க. அந்தக் கருமாந்தரத்தத் தொட வேணாம்."

அந்தப் பெண் புடவையை எடுத்து மடியில் வைத்து, நாடா நாடாவாகக் கிழித்தாள். இரண்டு கத்திரிப்பூ நாடா எடுத்தாள். மூன்றாவதுக்கு என் பையில் கை விட்டு ஒரு வெள்ளை வேட்டி நாடாவை உருவினாள். மூன்றையும் சேர்த்து முனையில் முடிந்து, கால் கட்டைவிரலில் மாட்டி, பின்ன ஆரம்பித்தாள்.

"ஏய், அதச் சேக்காத."

"சேத்தாச்சு அத்தை."

"சேத்தாச்சுன்னா? பிரிடி."

அவள் பிரிக்கவில்லை. பின்னிக்கொண்டே போனாள். மாமியார் என்னென்னவோ சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு டம்ளர் டீ வந்தது. கையில் கொடுக்கவில்லை, பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன்.

அந்த வியாழனிலிருந்து நான் யாரையும் என் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. பையை எடுத்துக்கொண்டு நான்தான் போகிறேன். குப்பத்துக்குப் போகிறேன், பூவம் பக்கம் வயல்காட்டு வீடுகளுக்கும் போகிறேன். பழைய கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவள் இன்றுவரை பேசவில்லை. கருவாட்டு அக்கா பேசுகிறாள், துணியைத் தொட மாட்டாள். வலை நூலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு சடையை மட்டும் தைக்கிறாள். "நான் நூலுக்குத்தான் ஜவாப்தாரி" என்கிறாள்.

இப்போது பையைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: இது வேறு கடையில் வாங்கின துணி, இது வீட்டுத் துணி, இது குளத்துத் துணி. மூன்றையும் தனித்தனியாக வைக்கிறேன். வேண்டியவர்கள் வேண்டியதை எடுக்கலாம். குளத்துத் துணி வேண்டாம் என்கிறவர்களை நான் வற்புறுத்துவதில்லை, அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆனால் அதை எடுக்கிறவளைப் பார்த்து யாராவது வாயைத் திறந்தால், அவர்களுக்கு இருக்கிறது என்னிடம்.